ஸ்டார்ட் செய்தால் கத்தும் கொசு: ஒரு கார் ஆம்ப்ளிஃபயரை இரண்டாம் முறை மாட்டிய கதை

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அண்ணன், சனிக்கிழமை காலை நான் கடை ஷட்டரைத் தூக்கும்போதே வண்டியோடு வந்து நின்றார். இறங்கியதும் சொன்னது இதுதான்: "தம்பி, வண்டி நிக்கிறப்ப பாட்டு தேனாட்டம் இருக்குதுங்க. ஸ்டார்ட் பண்ணுனா காதுக்குள்ள கொசு கத்துது. ஆக்ஸிலேட்டர மிதிச்சா கொசுவும் கூடவே மேல ஏறுதுங்க."

இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதில் ஒன்றரை மணி நேரம் என் அவசரத்தால் வீணானது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வண்டி எட்டு வருஷப் பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு ஸ்கிரீன் செட் போட்டிருந்தார். முன் கதவு இரண்டிலும் ஆறரை இன்ச் காம்போனென்ட் ஸ்பீக்கர், கண்ணாடி மூலையில் ட்வீட்டர். டிக்கியில், பின் சீட்டின் முதுகில், இரண்டு சேனல் ஆம்ப். எல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பு வேறு ஊரில் மாட்டியது. கொசு வந்த பிறகு ஒருவர் நாய்ஸ் ஃபில்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு டப்பாவை செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் நடுவே போட்டுக் கொடுத்திருக்கிறார். கொசு குறைந்ததாம், ஆனால் மிருதங்கம் தகர டப்பா மாதிரி ஆகிவிட்டதாம். அதனால் அவரே பிடுங்கி கிளவ் பாக்ஸில் போட்டுவிட்டார். அந்த டப்பாவுக்குள் இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு. மலிவு டிரான்ஸ்ஃபார்மரால் அடிநாதத்தை முழுதாகக் கடத்த முடியாது. அவர் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஆம்ப் எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டேன். நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது சத்தத்தைக் கூட்டினால் செட் கரகரக்கிறது என்றார். நியாயமான காரணம். செட்டின் டப்பாவில் 50 வாட் × 4 என்று போட்டிருக்கும், நம்பாதீர்கள். செட்டுக்குள் இருக்கும் ஐசிக்குக் கிடைப்பது பேட்டரி வோல்டேஜ் மட்டும்தான். வண்டி ஓடும்போது அதிகபட்சம் 14.4 வோல்ட். அதைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கரகரப்பில்லாமல் கொடுக்க முடிகிற உச்சம், கணக்குப் போட்டால், 26 வாட்டுக்கும் கீழே. இழப்பெல்லாம் போக நிஜத்தில் 20 வாட்டை ஒட்டி நிற்கும். வெளி ஆம்ப்பின் உள்ளே ஒரு சப்ளை இருக்கிறது. அது 12 வோல்ட்டைப் பிளஸ் மைனஸ் இருபத்தைந்து, முப்பது வோல்ட்டாக ஏற்றிக்கொள்கிறது. வித்தியாசம் முழுக்க அங்கேதான்.

அவருடைய ஆம்ப்பின் மேல் "1200 வாட்" என்று பெரிய எழுத்தில் மின்னியது. ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியைப் படிப்பதை விட ஃபியூஸைப் படிப்பது நல்லது. இதில் இருந்தது 25 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. 25ஐ 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 345 வாட். உள்ளே போகிறதே அவ்வளவுதான். இந்த மாதிரி, கிளாஸ் ஏபி வகை ஆம்ப் அதில் பாதியை அல்லது கொஞ்சம் கூடுதலை ஒலியாக்கும், மீதி சூடாகப் போகும். ஆக நிஜம் இரண்டு சேனலுக்கும் சேர்த்து 150 சொச்சம். உள்ளே இருந்த காகிதத்திலும் பொடி எழுத்தில் 75 × 2 என்றுதான் இருந்தது. மோசமில்லை, அந்த ஸ்பீக்கருக்கு அது தாராளம்.

இனி கொசு. இன்ஜினோடு சேர்ந்து ஸ்தாயி ஏறுகிற சத்தம் என்றால் அது ஆல்டர்னேட்டர்தான், பழைய மெக்கானிக்குகள் டைனமோ என்பது. அதில் உண்டாவது மூன்று ஃபேஸ் ஏசி. ஆறு டயோடுகள் அதை டிசி ஆக்குகின்றன. அந்த டிசி குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் நிற்காது, மேலே சின்ன அலை அடித்துக்கொண்டே இருக்கும். 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலை போடும். ஐடிலில் இன்ஜின் 800 ஆர்பிஎம், புல்லி விகிதம் இரண்டரை என்று வைத்துக்கொண்டால் ஆல்டர்னேட்டர் 2000 சுற்றும். அப்போது அலை 1200 ஹெர்ட்ஸ். இன்ஜினை 3000க்கு ஏற்றினால் 4500 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. கொசு சரியாக அந்த இடத்தில்தான் வந்து உட்கார்கிறது.

இந்த அலை எல்லா வண்டியிலும் இருக்கிறது. அது ஸ்பீக்கர் வரை வர வழி திறந்தது யார் என்பதுதான் கேள்வி.

வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கச் சொன்னேன். பாட்டு நின்றது, கொசு நிற்கவில்லை, குறையவும் இல்லை. ஆகவே அது செட்டின் வால்யூம் கட்டத்துக்குப் பிறகுதான் நுழைகிறது. அடுத்துச் செய்திருக்க வேண்டியது ஆர்சிஏ கேபிளை ஆம்ப்பிலிருந்து பிரித்துப் பார்ப்பது. நான் அதைச் செய்யவில்லை. காரணம், டிக்கியைத் திறந்ததும் ஆம்ப்பின் மைனஸை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்க்கிற எர்த் போல்ட் கண்ணில் பட்டுவிட்டது.

பின் சீட் பெல்ட்டின் போல்ட்டுக்கு அடியில் எர்த் ஒயரை வெறும் கம்பியாகச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். ஒயர் முனையில் அழுத்திப் போடுகிற வளையம், லக், கிடையாது. அடியில் வண்டி பெயின்ட் புதுசாகப் பளபளத்தது, சுரண்டவே இல்லை. கையால் ஆட்டினால் கம்பி ஆடியது. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது என்பது தனி விஷயம். அது உயிரைப் பிடித்து நிறுத்துகிற போல்ட், கம்பெனி சொன்ன முறுக்கில் இருக்க வேண்டியது. தவிர, அந்த மரையில் பசை பூசித்தான் போட்டிருப்பார்கள், கரன்ட் நன்றாகப் போகாது.

பார்த்ததும் "இதுதாங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுச் சொன்னது.

மாற்றுவதற்கு முன் அளவாவது எடுத்தேன், அது நல்லதாயிற்று. கடையில் 4 ஓம், 100 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் இரண்டை அலுமினியத் தகட்டில் முடுக்கி வைத்திருக்கிறேன். ஸ்பீக்கருக்குப் பதிலாக அதைக் கோத்து, இன்ஜினை ஓடவிட்டு, முழு பவரில் சைன் டோன் கொடுத்தால் யார் காதும் கிழியாது. தகடு மட்டும் பத்து நொடியில் தோசைக்கல் ஆகிவிடும். கிளாம்ப் மீட்டர் 20 ஆம்பியர் காட்டியது. பேட்டரி முனையில் 13.9 வோல்ட், ஆம்ப்பின் முனையில் 12.9. ஒரு வோல்ட் வழியில் காணாமல் போகிறது. ஆம்ப்பின் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 0.4. பிளஸ் பக்கம் 0.6.

எர்த்தை இடம் மாற்றினேன். ஸ்டெப்னி குழி ஓரத்தில் கெட்டித் தகடு உள்ள இடமாகப் பார்த்து, ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளி தெரியும் வரை பெயின்டைச் சுரண்டி, 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயரில் லக் போட்டு அழுத்தி, பல் வாஷரோடு போல்ட் முடுக்கி, மேலே துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவினேன். ஒயர் நீளம் 40 சென்டிமீட்டர். மீண்டும் அளந்தால் எர்த் பக்கம் 0.07 வோல்ட். வேலை சுத்தம். பெருமையோடு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.

கொசு கத்தியது. கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவுதான்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. "டீ சாப்பிட்டுட்டு வந்தர்லாமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

டீக்குப் பிறகு ஒழுங்கு முறையில் ஆரம்பித்தேன். செட்டையும் ஆம்ப்பையும் அணைத்துவிட்டு ஆர்சிஏ கேபிளைப் பிரித்தேன். அந்த இடத்தில், நடுக்கம்பியையும் வெளி வளையத்தையும் சேர்த்துப் பற்றவைத்த இரண்டு பழைய முனைகளைச் சொருகினேன். இன்ஜினை ஓடவிட்டால் ட்வீட்டரில் மூச்சுக் கூட இல்லை. ஆக ஆம்ப் நல்லது, அதன் பவர் லைனும் கொசுவுக்குக் காரணமில்லை. சத்தம் சிக்னல் வழியாக வருகிறது.

அடுத்து, டேஷ்போர்டில் இருந்து செட்டை உருவி, ஆர்சிஏ கேபிளின் முன் முனையில் என் போனைக் கோத்துப் பாட்டுப் போட்டேன். சார்ஜர் மாட்டாத போன், மாட்டினால் அதுவே இன்னொரு எர்த் ஆகிவிடும். கொசு இல்லை. கவனியுங்கள், அந்தக் கேபிள் பவர் ஒயரோடு ஒட்டிக்கொண்டே சைடு ஃபுட்போர்டுக்கு அடியில் ஐந்து மீட்டர் ஓடுகிறது. இரண்டும் பக்கத்தில் ஓடினாலே இரைச்சல் வரும் என்று எல்லாரும் முதலில் அதைத்தான் குற்றம் சொல்வார்கள். நானும் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம்தான் இழுப்பேன், பழக்கம் நல்லதுதான். ஆனால் என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு கொசு எர்த்தில் பிறந்தது, கேபிள் பக்கத்தில் ஓடியதால் பிறந்தது அல்ல.

மிச்சம் செட் மட்டும். மல்டிமீட்டரை பீப் அடிக்கிற இடத்தில் வைத்து, ஒரு முனையை செட்டின் இரும்பு உடம்பிலும் மறு முனையை அதன் ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்திலும் வைத்தேன். பீப் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. இடது, வலது, பின் சேனல் என்று மாற்றி மாற்றி வைத்தாலும் ஊமை.

கேபிளைத் திரும்ப மாட்டி, செட்டை ஒயரோடு தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்தோம். கொசு. கடைப் பையனிடம் ஒரு சாண் ஒயரைக் கொடுத்து, ஒரு முனையை செட்டின் உடம்பிலும் மறு முனையை ஆர்சிஏ வளையத்திலும் தொடச் சொன்னேன். தொட்டான், நின்றது. எடுத்தான், கத்தியது. தொட்டான், நின்றது. அண்ணன் குனிந்து பார்த்து, "இந்தத் துண்டு ஒயருக்காங்க ஆறு மாசம் காதக் கெடுத்துக்கிட்டேன்?" என்றார்.

நடந்தது என்ன? ஆர்சிஏ கேபிளில் நடுவே ஒரு கம்பி, சுற்றிலும் ஒரு வலை. நடுக்கம்பியில் எத்தனை வோல்ட் என்பதை அந்த வலையை வைத்துத்தான் ஆம்ப் அளந்துகொள்கிறது. வலைக்கும் செட்டுக்கும் தொடர்பு அறுந்தால் அளவுகோலே ஆட ஆரம்பித்துவிடும். டேஷ்போர்டின் எர்த்துக்கும் டிக்கியின் எர்த்துக்கும் நடுவே ஆல்டர்னேட்டர் அலை சில மில்லிவோல்ட் இருக்கும். அந்த ஆட்டமும் பாட்டோடு சேர்ந்து பெருகி வருகிறது. சில செட்டுகளில் இந்த வலைத் தொடர்பு, போர்டில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு குட்டி ஃபியூஸ் வழியாகப் போகும். இதில் அதுதான் எரிந்திருந்தது.

அது தானாக எரியாது. செட் ஓடும்போது ஆர்சிஏவைப் பிடுங்கிச் சொருகினால் எரியலாம். ஆம்ப்புக்கு பிளஸ் இருந்து எர்த் மட்டும் அறுந்தாலும் எரியலாம். எர்த் இல்லாத ஆம்ப், கரன்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும். கிடைக்கிற ஒரே வழி ஆர்சிஏ வலை, அதன் கோடியில் அந்த எள்ளு ஃபியூஸ். இந்த ஆம்ப்பில் எர்த் முனைக்கும் ஆர்சிஏ வளையத்துக்கும் இடையே அளந்தால் சில ஓம் மட்டுமே இருந்தது, தடுப்பு என்று ஒன்றும் இல்லை.

"அண்ணா, கொசு முதல் நாள்ல இருந்தே இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன். இதைக் காலையிலேயே கேட்டிருக்க வேண்டும். இல்லையாம். மாட்டி ஒரு மாதம் சுத்தமாக இருந்ததாம். ஒரு நாள் தோப்பு ரோட்டில் வேகத்தடையில் தூக்கிப் போட்டபோது பாட்டு ஒரு நொடி அறுந்து வந்ததாம். அதற்குப் பிறகுதான் கத்த ஆரம்பித்ததாம். சீட் பெல்ட் போல்ட்டில் ஆடிக்கொண்டிருந்த எர்த் அந்த ஒரு நொடியில் விட்டிருக்கிறது, முன்னால் இருந்த ஃபியூஸ் செத்திருக்கிறது. நான் முதலில் கைவைத்தது குற்றவாளி மேல்தான். ஆனால் அது குற்றத்தைச் செய்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

பலர் இந்த இடத்தில் அந்தச் சாண் ஒயரையே நிரந்தரமாகப் பற்றவைத்து அனுப்பிவிடுவார்கள். கொசு போய்விடும். ஆனால் மறுபடி எர்த் அறுந்தால் ஃபியூஸுக்குப் பதில் போர்டே எரியும். எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி போர்டு வேலை செய்கிறவர் இருக்கிறார். செட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, பிளஸ் பக்கம் தொலைந்துகொண்டிருந்த 0.6 வோல்ட்டைத் தேடப் போனேன்.

அங்கே கிடைத்ததுதான் இந்த வேலையில் என்னைப் பயமுறுத்திய விஷயம். கொசுவைப் பற்றி அவர் புகார் சொன்னார். இதைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தெரியாது.

பானெட்டைத் திறந்தால் பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இல்லை. டிக்கியில், ஆம்ப்புக்கு ஒரு சாண் முன்னால் ஹோல்டர் வைத்து அழகாக மாட்டியிருந்தார்கள். பேட்டரியிலிருந்து அங்கே வரை ஐந்தரை மீட்டர் ஒயர், எந்தக் காவலும் இல்லாமல். இன்ஜின் ரூமுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே உள்ள இரும்புச் சுவரில் புதுசாக ஒரு ஓட்டை போட்டு ஒயரை இழுத்திருக்கிறார்கள். ஓட்டையில் ரப்பர் குரோமெட் இல்லை, ஒயருக்கு ஸ்லீவும் இல்லை. டார்ச் அடித்து ஒயரை லேசாகத் திருப்பினேன். தகட்டின் விளிம்பு சிவப்பு உறையில் பாதி ஆழத்துக்கு வெட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஆடியிருந்தால் கம்பி இரும்பைத் தொட்டிருக்கும். ஷார்ட் ஆனால் கார் பேட்டரி சில நூறு ஆம்பியரைத் தயங்காமல் தள்ளும். டிக்கியில் இருக்கும் ஃபியூஸ் வழியாக அந்தக் கரன்ட் போகவே போகாது, அது எப்படிக் காப்பாற்றும்? பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. அது பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும்.

ஒயரையும் ஒரு முனையில் உரித்துப் பார்த்தேன். மேலே 8 கேஜ் என்று அச்சு. கட்டை விரல் கனம், ஆனால் கனம் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே கனத்தில் செம்பு ஒயரை விட மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். இதைத் தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். அதற்கேற்ற கனத்தில் வாங்கினால் வேலை செய்யும். இது அந்தக் கனத்தில் இல்லை.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் உருவினோம். 10 ஸ்கொயர் எம்எம் சுத்தக் காப்பர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ், கம்பெனி ஒயரிங் போகிற பழைய குரோமெட் வழியாகவே பாதை. பவர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம். ஆம்ப்பை எழுப்புகிற ரிமோட் ஒயரை முன்பு இக்னிஷனில் சேர்த்திருந்தார்கள். அதைப் பிரித்து செட்டின் நீல வெள்ளை ஒயரில் கொடுத்தேன். செட் எழுந்த பிறகு ஆம்ப் எழும், டப் என்று கதவு அதிராது. டிக்கியில் இடத்தை மட்டும் மாற்றவில்லை, காற்றோட்டம் நன்றாகத்தான் இருந்தது.

நாலு மணிக்கு செட் திரும்பி வந்தது. வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவே மீட்டர் பீப் அடித்தது. எல்லாவற்றையும் ஆஃப் செய்த பிறகே ஆர்சிஏவைச் சொருகினேன்.

கடைசியாக கெயின். அந்தத் திருகு 0.2 வோல்ட் கடைசியில், முழுக்கத் திறந்து கிடந்தது. இது வால்யூம் இல்லை, வருகிற சிக்னலின் அளவை ஆம்ப்புக்குச் சொல்கிற திருகு. செட்டின் வால்யூம் 40க்கு 30ல் வைத்து அளந்தால் ஆர்சிஏவில் 1.8 வோல்ட் வருகிறது. 0.2க்குத் திறந்து வைத்தால் தேவையை விட ஒன்பது மடங்கு பெருக்கும். பாட்டு கால்வாசி வால்யூமிலேயே கரகரக்கும், கொசுவும் ஒன்பது மடங்கு. ஸ்பீக்கரின் தாங்கு திறன் 60 வாட், 4 ஓம். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 15.5. ஆம்ப்பின் 75க்கு வைக்காமல் ஸ்பீக்கரின் 60க்கே வைத்தேன். ஸ்பீக்கரைக் கழற்றி, ஆம்ப்பில் இருக்கும் ஃபில்டரை ஆஃப் செய்து, 200 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் ஏசி 15.5 வோல்ட் வரும் வரை திருகினேன். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் பலவும் 400க்கு மேல் ஏசியைத் தப்பாக அளக்கும். அப்புறம் ஸ்பீக்கரை மாட்டி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிநாதத்தைக் குறைக்கிற ஹை பாஸ் ஃபில்டரைப் போட்டு முடித்தேன்.

மறுபடி 20 ஆம்பியர் இழுத்துப் பார்த்தேன். பேட்டரியில் 13.9, ஆம்ப்பில் 13.6. ஸ்டார்ட் செய்து 3000 வரை ஏற்றினோம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ட்வீட்டர் பக்கம் தலையைச் சாய்த்தார். இன்ஜின் சத்தம் மட்டும்.

இரண்டு வாரம் கழித்து எர்த் போல்ட்டைச் சரிபார்க்க வரச் சொல்லியிருந்தேன், வந்தார். அதே 0.07. கொசு இல்லை என்றார். ஆனால் கிளவ் பாக்ஸ் பக்கம் கிரீச் கிரீச் என்று ஏதோ கேட்கிறதாம். கொசு இருந்த வரை காதில் விழவில்லையாம். திறந்து பார்த்தோம். பழைய நாய்ஸ் ஃபில்டர் டப்பா உள்ளே உருண்டுகொண்டிருந்தது. அதை எடுத்த பிறகும் கொஞ்சம் கிரீச் இருந்தது, மூடியின் கொக்கியில் ஃபெல்ட் டேப் ஒட்டி அனுப்பினேன்.